பச்சை விளக்கு எரிந்தது, செய்தி போகவில்லை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் நிற்பது ஒருவர் என்றாலும் இது எங்கள் வகுப்பின் பேச்சு. ஆகையால் "நாங்கள்" என்றே சொல்லிக்கொண்டு போகிறோம். வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் சீனி வருத்தம், மூட்டு வலி, இரத்த அழுத்தம் பற்றித்தான் கதைப்பார் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அதையெல்லாம் சாப்பாட்டு இடைவேளையில் எப்படியும் எங்களைப் பிடித்துக் கேட்கத்தான் போகிறீர்கள். எனவே இந்த இருபத்தைந்து நிமிடங்களில் வேறொன்று சொல்ல அனுமதி தாருங்கள். ஒரே வளவுக்குள் இருந்த இரண்டு கணினிகள் ஒன்றோடொன்று கதைக்க முடியாமல் போன கதை அது. நூற்றாண்டுத் திட்டமாகக் கல்லூரிக்குப் புதிய கணினிக்கூடமும் வலையமைப்பும் அமைப்பது என்று சங்கம் முடிவு செய்திருக்கிறது. காசு செலவாகுமுன் சொல்லவேண்டிய ஒரு விஷயம் எங்களிடம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் கொழும்பில் நாங்கள் வேலை செய்த ஒரு வைத்தியசாலையில் இது நடந்தது. எது என்று கேட்கவேண்டாம். பிழையில் எங்களுக்கும் பங்கு இருந்தது. அங்கே ஆய்வுகூடம் ஒரு சனி ஞாயிறில் பழைய கட்டடத்திலிருந்து பின்வளவில் இருந்த புதிய கட்டடத்துக்கு மாறியது. திங்கள் காலை பார்த்தால் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இரத்தப் பரிசோதனை முடிவுகள் வழமைபோல விடுதித் திரைக்கு வந்தன. நல்ல வேலை செய்திருக்கிறார்கள் என்று பாராட்டவும் செய்தோம்.

அன்று பிற்பகல் அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா விடுதிக்கு வந்தார். நெடுநாள் சிறுநீரக நோய். "காலெல்லாம் சோருது பிள்ளை, எழும்ப ஏலாமல் கிடக்கு" என்றார். பொட்டாசியம் கூடியிருக்குமோ என்ற சந்தேகம் எங்களுக்கு. இரத்தத்தில் அது 3.5 முதல் 5 வரை இருக்கவேண்டும். 6.5 ஐத் தாண்டினால் இதயம் எந்த நேரமும் தாளம் தப்பலாம். இ.சி.ஜி. எடுத்தோம். சந்தேகமாக இருந்தது, ஆனால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அவசரம் என்று எழுதி இரத்தத்தை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம்.

திரையில் "காத்திருக்கிறது" என்றே இருந்தது. பத்து நிமிடம் போனது, இருபது போனது. ரெலிபோன் எடுத்தோம், மணியே போகவில்லை. இடம் மாறிய முதல் நாள், அங்கே ஆட்கள் கஷ்டப்படுவார்கள், பொறுப்போம் என்று நினைத்தோம். அதே நேரம் ஆய்வுகூடத்தில் என்ன நடந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. இயந்திரம் 7.3 என்று காட்டியது. தொழில்நுட்பவியலாளர் நம்பாமல் இன்னொரு தடவை ஓட்டினார். மறுபடியும் 7.3. முடிவை உறுதிப்படுத்தி அனுப்பினார். அவருடைய திரை "அனுப்பப்பட்டது" என்றது. ஆபத்தான முடிவு என்றால் ரெலிபோனிலும் சொல்லவேண்டும் என்பது விதி. எடுத்துப் பார்த்தார், அவருக்கும் மணி போகவில்லை. விடுதியில் எல்லோரும் வேலையாக இருப்பார்கள், திரையில் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தார். அவர் எங்களை நம்பிக்கொண்டிருந்தார். நாங்கள் அவரை நம்பிக்கொண்டிருந்தோம். நடுவில் ஓர் உயிர் கிடந்தது.

மூன்றாம் தடவையும் ரெலிபோன் வேலை செய்யாதபோது அந்தச் சிங்களச் சகோதரி முடிவைக் கடதாசியில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு மழைக்குள்ளே வளவைக் கடந்து, இரண்டு மாடி படியேறி, மூச்சிரைக்க வந்து நின்றார். "டொக்டர், ஏழு தசம் மூன்று" என்றார். அன்றைக்கு அவர் எந்த மொழியில் சொல்லியிருந்தாலும் எங்களுக்கு விளங்கியிருக்கும். கல்சியம் குளுக்கொனேற் ஏற்றினோம். பிறகு இன்சுலினும் குளுக்கோசும். அன்றிரவே இரத்தச் சுத்திகரிப்புக்கு அனுப்பினோம். அம்மா எட்டாம் நாள் வீட்டுக்குப் போனார். மருந்தெல்லாம் ஏற்றி முடித்த பிறகுதான் எங்களுக்குக் கை நடுங்கத் தொடங்கியது.

வலையமைப்பைப் பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டோம். ஆய்வுகூடத்தின் சுவிட்சில் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. "விளக்கு எரியுதே, பிறகென்ன?" என்று ஆளாளுக்குக் கேட்டோம். "டொக்டர், விளக்கு எரிந்தால் கம்பி சரி என்றுதான் அர்த்தம். அந்தக் கம்பிக்குள்ளால் யார் போகலாம் என்பது வேறு கணக்கு" என்றார் அவர். அந்த வேறு கணக்கைத்தான் இன்று உங்களுக்கு விளங்கப்படுத்தப் போகிறோம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. நாங்கள் படித்த காலத்துக் கணினி அறையை நினைவிருக்கிறதா? செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுப் போவோம். எல்லாக் கணினிகளும் ஒரே கறுப்புக் கம்பியில் கோத்திருந்தன. கடைசியில் இருந்த சின்ன மூடி கழன்றால் அறை முழுவதும் செத்துவிடும். ஒரு கணினி கதைப்பது அந்தக் கம்பியில் இருந்த எல்லாவற்றுக்கும் கேட்கும். ஈதர்நெட் என்ற இந்த முறையை 1973 இல் அமெரிக்காவில் சிரொக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ரொபர்ட் மெற்காவ் என்பவரும் கூட்டாளிகளும் தொடங்கியபோது அது அப்படித்தான் இருந்தது. பிறகு சுவிட்ச் வந்தது. பாடப்புத்தகத்தில் அதை ஆளி என்று படிக்கிறீர்கள். யாருக்குரிய செய்தியோ அவருடைய வாசலுக்கு மட்டும் அதைக் கொடுப்பது சுவிட்சின் வேலை. ஆனாலும் "எல்லோருக்கும்" என்று கத்தும் அறிவித்தல்கள் எல்லா வாசலுக்கும் போய்க்கொண்டே இருந்தன. கட்டடம் பெருக்கப் பெருக்கச் சத்தமும் பெருத்தது. ஒரே சுவிட்சை உள்ளுக்குள்ளே பல சுவிட்சுகளாகப் பிரிப்போம் என்ற யோசனையை 1980களில் பெல்கோர் நிறுவனத்தில் டேவிட் சின்கோஸ்கி முன்வைத்தார். அதுதான் வீலான். சுவர் எழுப்பாமல், கம்பி மாற்றாமல், கணக்கில் மட்டும் பிரித்த வலையமைப்பு.

இதை விளங்கிக்கொள்ள நமது இல்லங்களை நினைத்தால் போதும். நீல இல்லப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பதில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள் கலந்துதான் இருப்பார்கள். வகுப்பறையைச் சுவிட்ச் என்று வையுங்கள், மேசையை அதன் வாசல் என்று வையுங்கள், இல்லம்தான் வீலான். "நீல இல்லம் எழும்புங்கோ" என்றால் நீலம் மட்டும் எழும்பும், மற்றவர்களுக்குக் காது கேளாது. ஒரே வகுப்புக்குள் இது சுலபம்.

அடுத்த கட்டடத்தில் இருக்கும் நீலப் பிள்ளைகளுக்கும் அந்தச் செய்தி போகவேண்டும். இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு நடைபாதைதான். நான்கு இல்லத்துச் சீட்டுகளையும் ஒரே கட்டாகக் கட்டி அதனால் அனுப்பவேண்டும். கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு சீட்டிலும் அந்தந்த இல்ல நிறத்து ரிபன் ஒன்று கட்டுகிறோம். மறுகரையில் நிற்கும் மாணவத் தலைவி ரிபனைப் பார்த்துப் பிரிக்கிறாள். ரிபனை அவிழ்த்துவிட்டுச் சீட்டை மட்டும் பிள்ளையின் கையில் கொடுக்கிறாள். ரிபன் கட்டியதும் அவிழ்த்ததும் சீட்டு எழுதியவளுக்கும் தெரியாது, வாசித்தவளுக்கும் தெரியாது. சுவிட்சுகளுக்கு நடுவில் போகும் இந்த நடைபாதையை ட்ரங்க் என்பார்கள். ரிபன் எப்படி இருக்கவேண்டும் என்பதை 1998 இல் 802.1கியூ என்ற உலகத் தரமாக எழுதிவைத்தார்கள். செய்தியின் நடுவில் செருகும் நான்கு பைற் அது. அதில் 12 பிற் இல்லத்தின் எண்ணுக்கு. கணக்குப் பார்த்தால் 4,096 வரும். முதலும் கடைசியும் ஒதுக்கியது போக 4,094 இல்லங்கள். நமக்கு நாலே போதும் என்று வையுங்கள்.

இப்போது நீலத்திலிருந்து சிவப்புக்கு ஒரு சீட்டுப் போகவேண்டும். இரண்டு பிள்ளைகளும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள் என்றே வைப்போம். நேரே கொடுக்க முடியாது. அதுதான் பிரிப்பின் விதி. நீலப் பிள்ளை தன் சீட்டின் விலாசத்தைப் பார்க்கிறாள். விலாசத்தின் முன்பாதி தன்னுடையதைப் போல இருந்தால் நேரே கூப்பிடலாம். வேறாக இருந்தால் விளையாட்டுப் பொறுப்பாசிரியையிடம் கொடுக்கவேண்டும். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு இது உபவலை என்ற பெயரில் தெரியும். அந்த ஆசிரியைதான் நுழைவாயில். வழிப்படுத்தி, ரவுட்டர் என்று நீங்கள் சொல்வதும் அவரைத்தான். அவர் அடுத்த கட்டடத்தில் இருக்கிறார். சீட்டு நீல ரிபனோடு நடைபாதையால் போகிறது. ஆசிரியை மேலுறையைப் பார்த்து, இது போகலாமா என்று யோசித்து, வேறு உறையிட்டு, சிவப்பு ரிபன் கட்டித் திருப்பி அனுப்புகிறார். அதே நடைபாதையால் சீட்டுத் திரும்பி வந்து பக்கத்து மேசைக்குப் போகிறது.

பக்கத்து மேசைக்கு இவ்வளவு தூரமா என்று சிரிக்கிறீர்கள். உண்மையிலே அப்படித்தான் போகிறது. இப்போதெல்லாம் பெரிய சுவிட்சுகளுக்குள்ளேயே அந்த ஆசிரியையையும் உட்கார வைத்துவிடுகிறார்கள். அதனால் நடை குறைகிறது, விதி மாறவில்லை.

ஆகவே வேறு வேறு வீலானில் இருக்கும் இரண்டு கணினிகள் கதைக்கவில்லை என்றால் நோயாளியைப் பரிசோதிப்பதுபோல ஒழுங்காகக் கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு. ஒன்று: ஒவ்வொரு கணினியும் சரியான இல்லத்தில் இருக்கிறதா? இரண்டு: வழியில் உள்ள ஒவ்வொரு நடைபாதையும், அதன் இரண்டு முனையிலும், அந்த இல்லங்களின் ரிபன்களை ஏற்கிறதா? மூன்று: கணினிக்குத் தன் நுழைவாயிலின் விலாசம் சரியாகத் தெரியுமா? நான்கு: நுழைவாயில் அனுமதிக்கிறதா? போகும் வழிக்கு மட்டுமன்றி, பதில் திரும்பும் வழிக்கும் இதே நான்கையும் கேட்கவேண்டும். போன செய்திக்குப் பதில் வராவிட்டால் போகாததும் போனதும் ஒன்றுதான்.

அன்று பிழைத்தது இரண்டாவது. ஆய்வுகூடத்துக்கும் பழைய கட்டடத்துக்கும் நடுவிலிருந்த நடைபாதையின் கதவில் எந்த எண்கள் போகலாம் என்று ஒரு பட்டியல் இருக்கும். காலையில் ஆய்வுகூடத்தின் எண்ணும் ரெலிபோன்களின் எண்ணும் அதில் இருந்தன. மதியம் ஒருவர் வந்து பாதுகாப்புக் கமராக்களின் எண்ணையும் சேர்த்திருக்கிறார். சில வகைச் சுவிட்சுகளில் "சேர்" என்ற சொல்லை விட்டுவிட்டுப் புதிய எண்ணை மட்டும் எழுதினால், சேர்வதற்குப் பதிலாகப் பழைய பட்டியல் முழுவதும் அழிந்து புதியது மட்டும் நிற்கும். அதுதான் நடந்தது. ஒரே ஒரு சொல் விடுபட்டதால் கமராக்கள் அழகாக வேலை செய்தன. காவலாளியின் திரையில் ஆய்வுகூடம் பளிச்சென்று தெரிந்தது. அந்தச் சகோதரி ரெலிபோனைத் தூக்கி வைப்பதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். எங்களுக்கு மட்டும் அவர் குரல் வரவில்லை.

இன்னும் இரண்டு பாடங்கள் அதில் இருந்தன. ஆய்வுகூடத்துக்குள் இயந்திரமும் கணினியும் ஒரே சுவிட்சில் ஒரே வீலானில் இருந்ததால் அவர்களுக்கு எல்லாம் உயிரோடு இருப்பதாகவே தெரிந்தது. "அனுப்பப்பட்டது" என்று திரை சொன்னது பக்கத்து அறைக் கணினிக்குக் கொடுத்தாயிற்று என்பதை மட்டுமே. அங்கே எங்கள் முடிவு வரிசையில் நின்றது. அடுத்தது, கணினி போனாலும் ரெலிபோன் இருக்கிறதே என்று நாங்கள் நம்பியிருந்தோம். அந்த ரெலிபோனும் அதே நடைபாதையால்தான் போனது. கடதாசியில் இரண்டு வழி. நிலத்தில் ஒரே வழி.

விசாரணைக் கூட்டத்தில் மூத்த ஒருவர், "இந்தப் பிரிவினை எல்லாம் எதற்கு? எல்லாவற்றையும் ஒன்றாக்கி விடுங்கள், யாரும் யாரோடும் கதைக்கட்டும்" என்றார். எங்களில் பலர் தலையாட்டினோம். பிரிவு என்ற சொல் எங்கள் வயதினருக்கு இலேசானதல்ல. 1990களில் காலி வீதியில் பஸ்ஸை மறித்து அடையாள அட்டை கேட்ட காலத்தில் வெள்ளைச் சீருடையில் போய் வந்தவர்கள் நாங்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் பாடம் படிக்கப் போன பிள்ளை வீடு திரும்பும் வரை தாய்மார் வாசலில் நின்ற காலம் அது. எவராவது பிரித்து வைப்போம், அடையாளம் கட்டுவோம் என்றால் எங்களுக்குள் ஏதோ ஒன்று சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்பு நல்லது. அதை விட்டுவிடக் கூடாது. ஆனால் கணினிகளைப் பொறுத்தவரை ஒன்றாக்கிவிடுவதும் மருந்தல்ல என்பதை வேறு இடங்களின் அனுபவம் எங்களுக்குக் காட்டியது.

இலண்டனில் இருக்கும் எங்கள் தோழிமாருக்கு 2017 மே 12, வெள்ளிக்கிழமை, நன்றாக நினைவிருக்கும். வொனாகிரை என்ற தீநிரல் அன்றைக்கு உலகமெங்கும் பரவியது. ஒரு கணினிக்குள் புகுந்தால் அதே வலையமைப்பில் உள்ள மற்றக் கணினிகளைத் தானே தேடிப் பிடித்துப் பூட்டிவிடும். யாரும் எதையும் அழுத்தத் தேவையில்லை. பாதுகாப்புத் திருத்தத்தை மைக்ரோசொப்ற் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் அகப்பட்டார்கள். இங்கிலாந்தின் 236 தேசிய சுகாதார சேவை அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டதாக அந்த நாட்டுத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் பின்னர் எழுதியது. ஏறத்தாழ 19,000 நோயாளர் சந்திப்புகள் தடைப்பட்டிருக்கும் என்பது மதிப்பீடு. ஒரு கூடத்தில் அம்மை வந்தால் கதவில்லாத வீட்டில் எல்லோருக்கும் வரும். அதே அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் 46 இடங்களில் கணினிக்குள் எதுவும் புகவில்லை. அங்கும் சேவை தடைப்பட்டது. பயத்தில் மின்னஞ்சலை நிறுத்தியதும் மற்ற இடங்களோடு தொடர்பு அறுந்ததும் அதற்குக் காரணம். தொற்று மட்டுமல்ல, தனித்துப்போவதும் நோயாளியைப் பாதிக்கும்.

நம் நாட்டிலும் 2023 இல் அரசாங்க முகில் சேவையைப் பணயத் தீநிரல் தாக்கியது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தபால்கள் போய்விட்டன. அந்தக் காலத்துக்கு வேறிடத்தில் காப்புப் பிரதி இருக்கவில்லை.

ஒன்றாக்குவதால் வேறு ஆபத்தும் உண்டு. 2002 நவம்பரில் பொஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ நிலையத்தின் வலையமைப்பு நாட்கணக்காக விழுந்து எழும்பி விழுந்தது. பல வருடமாகச் சுவிட்சுக்குச் சுவிட்ச் கொழுவிக் கொழுவி, ரவுட்டர்களால் பிரிக்காமல், ஒரே பெரிய வலையாக அதை வளரவிட்டிருந்தார்கள். ஆராய்ச்சியாளர் ஒருவருடைய பெரிய தரவுத்தொகுதி ஓடத் தொடங்கியதும் முழுவதும் திணறியது. செய்திகள் வட்டமடித்து வட்டமடித்து வழியை அடைத்தன. அந்த நவீன வைத்தியசாலை கடதாசிக்கும் கையால் எடுத்துச் செல்லும் ஆட்களுக்கும் திரும்பியது. அதன் தகவல் பொறுப்பாளர் ஜோன் ஹலம்கா தாமும் ஒரு வைத்தியர். பிழையை மூடி மறைக்காமல் மற்ற வைத்தியசாலைகள் படிக்கட்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதனால்தான் இன்று கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருந்து நாங்களும் அதைப் படிக்கிறோம்.

மாணவச் செல்வங்களுக்கு இந்த இடத்தில் ஒரு பெயர். சுவிட்சுகள் வட்டமடிக்காமல் தங்களுக்குள்ளே ஒரு மரம்போல வழி அமைத்துக்கொள்ளும் முறையை 1985 இல் கண்டுபிடித்தவர் ராடியா பேர்ல்மன் என்ற பெண். அதை விளக்க ஒரு கவிதையும் எழுதினார். பொஸ்டனில் அவர் முறை பிழைக்கவில்லை. அது தாங்கக்கூடிய அளவைத் தாண்டி மரத்தை வளரவிட்டதுதான் பிழை. கணிதமும் கவிதையும் ஒரே தலையில் இருக்கலாம் என்று நம் ஆசிரியைமார் சொன்னது உண்மைதான்.

எங்கள் வைத்தியசாலையிலும் வீலான்கள் அப்படியே நின்றன. மாறியது நடைமுறை. ஆபத்தான முடிவு என்றால் ஆய்வுகூடம் சொல்லவேண்டும், விடுதி அதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தவேண்டும். வளவு ரெலிபோனோடு கைத்தொலைபேசி இலக்கம் ஒன்றும் வைத்தோம். பத்து நிமிடத்தில் பதில் இல்லையென்றால் ஓர் ஆள் நடந்தே போகவேண்டும். சுவிட்சில் எதை மாற்றினாலும் முதலில் விடுதிக்கும் ஆய்வுகூடத்துக்கும் சொல்லி, மாற்றிய பிறகு விடுதித் திரையில் இருந்தே சோதித்துப் பார்க்கவேண்டும். நடுவில் நின்று விளக்கைப் பார்ப்பது சோதனை அல்ல.

இனி நமது கல்லூரிக்கு வருவோம். இன்றைக்குக் காரியாலயக் கணினியும், பிள்ளைகளின் கணினியும், ஒன்றுகூடலுக்கு வந்த நாங்கள் கைத்தொலைபேசியில் பிடிக்கும் வைஃபையும் ஒரே வலையில் இருக்கின்றன என்று கேள்விப்பட்டோம். பல பாடசாலைகளில் இதே நிலைதான். ஆனால் காரியாலயக் கணினியில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, வீட்டு விலாசம் இருக்கிறது, எந்தப் பிள்ளைக்கு என்ன வருத்தம் என்ற குறிப்பும் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவையும் சிறுவர் பற்றிய தரவையும் விசேட வகையாகவே வைத்திருக்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் அவை நம் தங்கைமாரின் விஷயங்கள்.

எனவே சங்கத்திடம் எங்கள் வேண்டுகோள் இது. கணினிகளின் எண்ணிக்கையில் பத்தைக் குறையுங்கள். அந்தக் காசில் பிரிக்கத் தெரிந்த சுவிட்சுகளும் நல்லதொரு வழிப்படுத்தியும் வாங்குங்கள். காரியாலயம், மாணவிகள், விருந்தினர், கமரா என்று நாலு வீலான் போதும். அவற்றுக்கு நடுவில் எது எதற்குப் போகலாம் என்பதை அதிபரும் ஆசிரியைகளும் இருந்து ஒரு தாளில் எழுதட்டும். பிள்ளைகள் நூலகப் பட்டியலைப் பார்க்கவேண்டும்; காரியாலயக் கோப்பைப் பார்க்கக் கூடாது. பிரிக்கிறவர் வழியையும் சேர்த்தே எழுதவேண்டும். அந்த வழியை எந்தத் திகதியில் யார் சோதித்தார் என்பதையும் எழுதவேண்டும். வலையமைப்பின் படம் கணினி அறைச் சுவரில் தொங்கட்டும். பதிவேடுகளின் பிரதி ஒன்று வலையோடு தொடுக்காமல் இரும்பு அலுமாரிக்குள் இருக்கட்டும். ஓர் ஆசிரியைக்கும் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இருவருக்கும் வருடாவருடம் பயிற்சி கொடுக்க ஒரு நிதி ஒதுக்குங்கள். கணினி கொடுத்தால் அதில் பெயர்ப்பலகை ஒட்டலாம். பராமரிப்புச் செலவில் எங்கே ஒட்டுவது என்று கேட்பீர்கள். எங்கள் வகுப்பு முதல் மூன்று வருடச் செலவை, பெயர்ப்பலகை இல்லாமல், ஏற்றுக்கொள்கிறது. அடுத்த மூன்று வருடத்துக்கு எந்த வகுப்பு என்பதை இன்றைக்கே முடிவு செய்யலாம்.

வெளிநாட்டில் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் தோழிமாருக்கும் ஒரு வார்த்தை. எங்கள் வகுப்புக்கே கொழும்பில் ஒரு வாட்ஸ்அப் குழு, ரொறன்ரோவில் ஒன்று, இலண்டனில் ஒன்று, சிட்னியில் ஒன்று இருக்கின்றன. நேரம் வேறு, கவலை வேறு, எனவே குழுவும் வேறாக இருப்பது நல்லதே. ஆனால் எங்கள் கணித ஆசிரியை வருத்தமாகப் படுத்த செய்தி கொழும்புக் குழுவோடு நின்றுவிட்டது. ரொறன்ரோவில் உள்ளவர்கள் அவர் காலமான பிறகுதான் அறிந்தார்கள். ஒரு தடவை கதைத்திருக்கலாமே என்று இன்றும் அழுகிறார்கள். கொழும்பில் இருந்த எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரோ சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தோம். இனி ஒவ்வொரு குழுவிலும் ஒருவரை, பெயர் குறித்து, மற்றக் குழுக்களுக்குச் செய்தி கொண்டுபோகும் பொறுப்பில் வையுங்கள். அவருடைய இலக்கம் சங்கச் செயலாளரிடம் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. அந்தச் சம்பவத்துக்குச் சில நாட்களின் பின் அந்தத் தொழில்நுட்பவியலாளரைச் சிற்றுண்டிச்சாலையில் கண்டோம். தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டோம்: "திரை அனுப்பப்பட்டது என்று சொல்லியும் ஏன் ஓடி வந்தீர்கள்?" அவர் சொன்னார்: "அனுப்பியது எனக்குத் தெரியும் டொக்டர். கிடைத்தது என்று யாரும் சொல்லவில்லையே."

நூறு வருடமாக இந்தக் கல்லூரி எங்கெங்கோ பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. கிடைத்தது என்று சொல்லத்தான் இன்று நாங்கள் வந்திருக்கிறோம்.